வித்வான் கையெழுத்து: அன்றும் இன்றும்

தியாகராஜரின் முகம் நமக்கு நன்றாகத் தெரியும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். தம்புராவை ஏந்திய அந்தக் கோலம் பூஜை அறையிலும் சபா மேடையிலும் இருக்கிறது. ஆனால் கர்நாடக இசை மும்மூர்த்திகளில் ஒருவருக்குக்கூடப் புகைப்படம் கிடையாது. சியாமா சாஸ்திரி 1827இலும் முத்துசுவாமி தீட்சிதர் 1835இலும் மறைந்துவிட்டார்கள். டாகேரின் படம் பிடிக்கும் முறை பாரிஸில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839இல். தியாகராஜர் 1847 வரை திருவையாற்றில் இருந்தார். ஆனாலும் காமிரா காவிரிக் கரைக்கு வந்து சேர அந்த எட்டு வருஷம் போதவில்லை. இன்று நாம் கும்பிடும் மும்மூர்த்திகள் படம் பெரும்பாலும் எஸ். ராஜம் தீட்டிய ஓவியம்தான். அவரும் பெரிய பாடகர் என்பதால் அந்த முகங்களில் ஒரு ராக பாவம் கூடி வந்துவிட்டது. இருந்தாலும் அது ஓவியம், புகைப்படம் அல்ல.

இந்த இழப்பை நினைத்துப் பார்த்தால்தான், பின்னால் வந்த ரசிகர்கள் வித்வான்களின் படத்துக்கு ஏன் அப்படி அலைந்தார்கள் என்பது புரியும். படம் கிடைத்தால் போதாது, அதில் அவர் கை பட்ட ஒரு கையெழுத்தும் வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். எங்கள் வீட்டில் பெரியப்பா அப்படிப்பட்ட ஒருவர். அவருடைய ஆல்பங்கள் இப்போது என்னிடம் இருக்கின்றன. அவர் விட்ட இடத்திலிருந்து நானும் சேர்த்து வருகிறேன்.

இந்த வழக்கம் நம் ஊரில் பிறந்ததல்ல. 1854இல் பாரிஸில் டிஸ்டேரி என்ற ஸ்டூடியோக்காரர் ஒரே கண்ணாடித் தட்டில் பல சின்னப் படங்களைப் பிடித்து, வெட்டி, அட்டையில் ஒட்டிக் கொடுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். விசிட்டிங் கார்டு அளவு, மலிவான விலை. சில வருஷங்களில் லிஸ்ட், பிராம்ஸ், கிளாரா ஷூமன் முகங்களெல்லாம் ஐரோப்பியக் கடைகளில் விற்பனைக்கு வந்துவிட்டன. வாங்கியவர்கள் அதைக் கையெழுத்துக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். பின்னாளில் பெரிய எழுத்தாளரான ஸ்டெஃபான் ஸ்வைக் பள்ளிப் பையனாக வியன்னாவில் கலைஞர்களின் கையெழுத்துக்காகக் காத்துக் கிடந்தவர்தான். பிராம்ஸ் ஒரு தடவை தோளில் தட்டிக்கொடுத்ததற்கு, நாட்கணக்கில் தலைகால் புரியாமல் திரிந்ததாகத் தன் வாழ்க்கை நினைவுகளில் எழுதியிருக்கிறார். அந்தப் பையன் வளர்ந்து மொசார்ட், பீத்தோவன் கைப்பிரதிகள் வரை சேகரித்தான். அந்தச் சேகரத்தின் முக்கியமான ஒரு பகுதியை வாரிசுகள் 1986இல் பிரிட்டிஷ் நூலகத்துக்குக் கொடுத்தார்கள். ஒரு பையனின் பைத்தியம் ஒரு நாட்டின் நூலகத்தில் போய்ச் சேர்ந்தது. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சென்னையில் வித்வான்களின் முகம் மக்களுக்குப் பழகியது மெதுவாகத்தான். மவுண்ட் ரோடு ஸ்டூடியோக்களில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ள வசதி வேண்டும். தவிர, படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்ற பயமும் பலருக்கு இருந்தது. அந்தப் பயத்தைப் போக்கியவை இசைத்தட்டும் சினிமாவும். கிராமபோன் கம்பெனிகள் அச்சிட்ட பட்டியல்களில் பாடகர் படம் போட்டார்கள். 1934இல் ‘பாமா விஜய’த்தில் ஜி.என். பாலசுப்பிரமணியம், 1935இல் ‘பக்த நந்தனா’ரில் மகாராஜபுரம் விசுவநாத ஐயர், 1938இல் ‘துக்காரா’மில் முசிறி சுப்பிரமணிய ஐயர், 1940இல் ‘சகுந்தலை’யில் எம்.எஸ். சுப்புலக்ஷ்மியும் ஜி.என்.பி.யும் என்று மேடை வித்வான்கள் வரிசையாகத் திரைக்கு வந்தார்கள். பாட்டுப் புத்தகத்தின் அட்டையில் அவர்கள் முகம். ஆனந்த விகடனில் மாலி வரைந்த கேலிச்சித்திரத்தில் அவர்கள் மூக்கும் குடுமியும் சேஷ்டையும். 1920களில் பெயரால் மட்டும் அறியப்பட்டவர்கள் 1940களில் தெருவில் பார்த்தால் அடையாளம் தெரிகிற மனிதர்களாகிவிட்டார்கள்.

அதே காலத்தில்தான் ஆட்டோகிராப் புத்தகமும் பரவியது. காந்தி தன் கையெழுத்துக்கு ஐந்து ரூபாய் வாங்கி ஹரிஜன நிதியில் சேர்த்தார் என்றால் நாட்டில் அந்த மோகம் எவ்வளவு இருந்தது என்று யோசித்துக்கொள்ளலாம். வெளிர் பச்சை, ரோஸ், மஞ்சள் தாள்கள் மாறி மாறி வரும் அந்தச் சின்னப் புத்தகம் கையில் இருந்தால் யாரிடமும் நீட்டலாம். படத்தில் வாங்குவது வேறு விஷயம். யாரிடம் வாங்கப் போகிறோம் என்று முன்கூட்டியே தீர்மானித்து, படத்தைத் தேடிப் பிடித்து, பிரிண்ட் போட்டு, பத்திரமாக எடுத்துக்கொண்டு போக வேண்டும். புத்தகம் நீட்டுகிறவர் அன்று மாலை கச்சேரிக்கு வந்தவர். படம் நீட்டுகிறவர் அந்த வித்வானை மாதக்கணக்காக நினைத்துக்கொண்டிருந்தவர். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் வித்வான்களுக்கும் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

படம் எங்கே கிடைக்கும்? சபா மலரில் வந்த படத்தைக் கத்தரித்து அட்டையில் ஒட்டிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. தாள் மெலிசு, மை ஊறிவிடும் என்பதால் பெரியப்பாவுக்கு அது பிடிக்காது. சபாவில் படம் எடுக்கும் ஸ்டூடியோக்காரரைச் சிநேகம் பிடித்து ஒரு காப்பி போட்டுத் தரச் சொல்வது அடுத்த வழி. பி.சி. சைஸ், அதாவது போஸ்ட் கார்டு அளவில் கறுப்பு வெள்ளைப் பிரிண்ட். மூன்றாவது வழி, தானே எடுப்பது. ஆக்ஃபா கிளிக் த்ரீ காமிராவில் ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம். மேடை வெளிச்சத்துக்கு அந்தக் காமிரா போதாது. அதனால் அவர் மாலைக் கச்சேரியை விட்டுவிட்டு, மியூசிக் அகாடமியின் காலை லெக்-டெம்முக்கு, அதாவது செயல்விளக்க உரைக்குப் போவார். அங்கே அன்று மேடை ஏறாத வித்வான்களும் கேட்க வந்து உட்காருவார்கள். பதினோரு மணி வெயிலில் வெளியே வந்து மரத்தடியில் நின்று பேசுவார்கள். வேண்டிய வெளிச்சமும் கிடைக்கும், மனிதரும் நிதானமாக இருப்பார். இன்றைக்கும் சொல்கிறேன்: ஒரு வித்வானிடம் நாலு வார்த்தை பேச வேண்டுமென்றால் காலை அமர்வுதான் சரியான இடம்.

ரோல் தீர்ந்தால்தான் டெவலப்புக்குக் கொடுப்பார்கள். பிரிண்ட் வருவதற்குள் சீஸன் முடிந்துவிடும். ஆகவே ஒரு மார்கழியில் எடுத்த படம் பல சமயம் அடுத்த மார்கழியில்தான் கையெழுத்தாகும். பெரியப்பாவின் ஆல்பத்தில் நிறையப் படங்களுக்கு இரண்டு தேதி இருப்பது இதனால்தான்: எடுத்த தேதி ஒன்று, கையெழுத்தான தேதி ஒன்று. நடுவே ஒரு வருஷம். அந்த வருஷத்தில் சிலர் இறந்தும் போயிருக்கிறார்கள். கையெழுத்து இடம் காலியாக, ஓரத்தில் ‘வாங்கவில்லை’ என்று மட்டும் எழுதிய படங்கள் அந்த ஆல்பத்தில் உண்டு. அவற்றை அவர் எடுத்துவிடவில்லை. வரிசையிலேயே வைத்திருக்கிறார்.

மங்களம் பாடி முடித்ததும் மேடைக்குப் பின்னால் நடப்பது அந்தக் காலத்தில் ஒரு தனிக் கச்சேரி. வித்வான் ஈரமான ஜிப்பாவோடு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். ஒருவர் ஃபிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றிக் கொடுப்பார். தம்புரா உறைக்குள் போய்க்கொண்டிருக்கும். மிருதங்கக்காரர் ரவையை வழித்துத் துடைத்துக்கொண்டிருப்பார். சுற்றிலும் பெரியவர்கள், அன்றைய தோடியைப் பற்றி வித்வானிடமே விளக்கிக்கொண்டிருப்பார்கள். கால்சட்டைப் பையன்கள் அந்தக் கால்களுக்கு நடுவே புகுந்து படத்தை நீட்ட வேண்டும். “மாமா, ஒரு கையெழுத்து.”

“பேர் என்ன? என்ன படிக்கறே? பாட்டு கத்துக்கறியோ?”

மூன்று கேள்வி. அப்புறம் பேனா எங்கே என்று பார்ப்பார். பெரும்பாலும் பையனின் பேனாவே. எழுதி முடித்து, மை காயட்டும் என்று ஒரு நிமிஷம் படத்தைக் கையிலேயே வைத்திருப்பார். அந்த நிமிஷத்தில் தன் முகத்தைத் தானே பார்ப்பார். “இது எப்போ எடுத்தது?” என்று கேட்பார். நான் சேகரித்த காலத்தில் அந்த ஒரு நிமிஷத்துக்காகவே இங்க் பேனாவை விடாமல் வைத்திருந்தேன். பால் பாயிண்டில் எழுதினால் உடனே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

மையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இதில் தவறினால் முப்பது வருஷத்தில் படம் மட்டும் மிஞ்சும். பழைய புரோமைடு காகிதம் நார்க் காகிதம். மேலே ஜெலட்டின் பூச்சு. மேட் பிரிண்டாக இருந்தால் நீல-கறுப்பு மை அதில் நன்றாகப் பிடிக்கும். பளபளப்பான பிரிண்டில் மை முத்து முத்தாகத் திரளும். கை பட்டால் இழுவிவிடும். பால் பாயிண்ட் வழுக்கும். அழுத்தி எழுதினால் பின்பக்கம் தடம் விழும். 1970களுக்குப் பிறகு காகிதத்தின் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் பூசி வர ஆரம்பித்தது. சீக்கிரம் காயும், சுருளாது என்று ஸ்டூடியோக்காரர்களுக்குச் சந்தோஷம். கையெழுத்துக்கு அது சத்துரு. அப்புறம் ஸ்கெட்ச் பேனா வந்தது. எழுதும்போது அழகாக இருந்தது; வெளிச்சம் படும் சுவரில் மாட்டியவர்கள் வீட்டில் சில வருஷத்தில் கையெழுத்து ஆவியாகிவிட்டது. ஊட்டியில் 1960இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் காகிதம், மேட் வகை, ஸ்டூடியோவில் நன்றாக அலம்பிக் காய வைத்தது, நீல-கறுப்பு மை: பெரியப்பாவின் சூத்திரம் இதுதான். அந்த ஆலை இன்று இல்லை. அந்தக் காகிதத்தில் எழுதியவை தெளிவாகவே இருக்கின்றன.

எல்லாவற்றிலும் எனக்கு உயர்வாகத் தோன்றும் படம் ஒன்று உண்டு. பாடகர் படம் அல்ல. 1958 டிசம்பரில் எடுத்த ஒரு கடக் கலைஞரின் படம். சட்டையில்லாத மேனி, வயிற்றோடு அணைத்த கடம், வலது கை விரல்கள் மட்டும் அசைவில் கலங்கித் தெரிகின்றன. கண் காமிராவைப் பார்க்கவில்லை. பக்கத்தில், படத்துக்கு வெளியே இருக்கிற மிருதங்கக்காரரைப் பார்க்கிறது. கீழே வலது மூலையில் மலையாளத்தில் கையெழுத்து. கடைசி எழுத்தில் மை ஒரு பொட்டாகத் தேங்கியிருக்கிறது, பேனாவை எடுக்கத் தயங்கியது போல. பின்பக்கம் திருப்பினால் பெரியப்பாவின் பென்சில் எழுத்து: சபா பெயர், தேதி, பாடகர், வயலின், மிருதங்கம், பிரதான ராகம் பைரவி, தனி இருபது நிமிஷம், ‘கடம் பிரமாதம். இதுவரை யாரும் இவரிடம் கையெழுத்துக் கேட்டதில்லையாம்.’

அந்தக் கச்சேரிக்கு வந்த பத்திரிகை விமரிசனத்தைத் தேடிப் பிடித்துப் படித்தேன். பாடகரைப் பற்றி நீளமாக எழுதியிருக்கிறது. கடம் வாசித்தவர் பெயரே அதில் இல்லை. அன்று அந்த மேடையில் அவர் இருந்தார், இருபது நிமிஷத் தனி ஆவர்த்தனத்தில் பங்கெடுத்தார், அவருக்குத் தன் பெயரை எழுதத் தெரியும், மலையாளத்தில் எழுதினார் என்பதற்கெல்லாம் எனக்குத் தெரிந்து இந்த ஒரு படம்தான் சாட்சி. சேகரிப்பவர்கள் எல்லோரும் பிரதான பாடகரைச் சுற்றித்தான் நின்றார்கள். பக்கவாத்தியக்காரரிடம் போனவர்கள் குறைவு. அதனாலேயே நாற்பது, ஐம்பதுகளின் கஞ்சிரா, கடம், மோர்சிங் கலைஞர்கள், நாகஸ்வரத்துக்கு ஒத்து ஊதியவர்கள், தம்புரா போட்ட சிஷ்யர்கள் ஆகியோரின் கையெழுத்து இன்று தேடினாலும் அகப்படாது. தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்கிற முதல் யோசனை, மேடையின் ஓரத்திலிருந்து தொடங்குங்கள் என்பதுதான்.

எழுத்து முறையும் ஒரு சரித்திரம். தமிழில் போடுகிறவர், தெலுங்கில் போடுகிறவர், கன்னடம், மலையாளம், இங்கிலீஷ் என்று ஒரே ஆல்பத்தில் தென்னிந்தியா முழுவதும் உட்கார்ந்திருக்கிறது. கீர்த்தனை தெலுங்கில், ஊர் கேரளத்தில், பிழைப்பு சென்னையில், கையெழுத்து இங்கிலீஷில் என்று ஒரே மனிதரிடம் நான்கும் கூடியிருப்பதைப் பார்க்கலாம். ஊர்ப் பெயர் முன்னே வரும்: அரியக்குடி, செம்மங்குடி, ஆலத்தூர், லால்குடி. சுவரொட்டியில் ஊரோடு இருக்கும் பெயர், கையெழுத்தில் ஊரை விட்டுவிட்டு வருவதும் உண்டு. மூத்தவர்கள் ‘ஆசிகள்’ என்று ஒரு வார்த்தை சேர்ப்பார்கள். இளையவர்கள் ‘அன்புடன்’ என்பார்கள். கேட்டவர் பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டால் அதைக் கடைக்காரர்கள் மதிப்புக் குறைவு என்பார்கள். எனக்கு நேர்மாறான அபிப்பிராயம். யாருக்கு எழுதியது என்று தெரிகிற படம்தான் முழுமையான படம்.

பிறகு பெரிய இசைத்தட்டின் உறை வந்தது. பன்னிரண்டு அங்குல அட்டையில் வித்வான் படம் அச்சாகியே இருக்கும். கடையில் வாங்கிக்கொண்டு நேரே சபாவுக்குப் போகலாம். எண்பதுகளில் கேசட், அப்புறம் சி.டி. உறைகள் சுருங்கிக்கொண்டே வந்தன. கையெழுத்தும் சுருங்கி, இனிஷியலாகி, ஒரு கோடாகிவிட்டது. இப்போது பாட்டு கேட்க உறையே தேவையில்லை என்பதால் கையெழுத்துப் போட ஒரு பொருளும் கையில் இல்லை. சபா வாசலில் சி.டி. மேஜை போட்டிருந்த இடத்தில் இன்று வேறு ஏதோ விற்கிறார்கள்.

இன்றைய மேடைப் பின்புறத்தில் ஒரே ஒரு வாக்கியம்தான்: “சார், ஒரு செல்ஃபி.” வரிசை வேகமாக நகர்கிறது. கலைஞர் சிரிக்கிறார், ஒவ்வொரு கைபேசிக்கும் ஒரே சிரிப்பு. பேர் என்ன என்று கேட்க நேரமும் இல்லை, எழுதத் தேவையில்லாததால் கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. பழைய படத்தில் வித்வான் மட்டும் இருந்தார், ரசிகன் பின்பக்கத்துப் பென்சில் குறிப்பில் இருந்தான். இன்று இருவரும் ஒரே சட்டத்துக்குள் நிற்கிறார்கள்.

இதில் வந்திருக்கும் நன்மையை மறைத்துப் பேசுவது நியாயமாகாது. அந்தக் காலத்தில் ராத்திரி ஒன்பது மணிக்கு மேடைக்குப் பின்னால் பெண் குழந்தைகள் போக முடியாது. அப்பாவோ அண்ணாவோ போய் வாங்கி வருவார்கள். டி.கே. பட்டம்மாளையும் எம்.எல். வசந்தகுமாரியையும் உயிராக நினைத்த எத்தனையோ பெண்கள் அவர்கள் பக்கத்தில் நின்றதே இல்லை. இன்று பரதநாட்டிய வகுப்பு முடித்து நேரே வந்த பெண் கூச்சமில்லாமல் போய் நின்று படம் எடுத்துக்கொள்கிறாள். காமிரா வாங்க வசதி இல்லாதவர்களுக்கும் இப்போது படம் உண்டு. கடம், கஞ்சிரா வாசிக்கிறவர்களோடும் இளைஞர்கள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தக் கலைஞர்களின் பெயரைச் சேர்த்து வெளியிடுகிறார்கள். 1958இல் பெரியப்பாவிடம் அந்தக் கடக் கலைஞர் சொன்னதை இன்று ஒருவர் சொல்லமாட்டார். 1978இலிருந்து கிளீவ்லாந்தில் நடக்கும் தியாகராஜ ஆராதனையில், அமெரிக்காவில் பிறந்த குழந்தைகள் சென்னை வித்வான்களோடு நிற்கும் படங்கள் நிமிஷத்தில் இங்கே பாட்டிகளின் கைபேசிக்கு வந்துவிடுகின்றன. இவையெல்லாம் நல்லதுதான்.

போனது என்ன? தேதியும் இடமும் கைபேசிப் படத்திலேயே பதிந்திருக்கும் என்று நினைக்கிறோம். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அந்தத் தகவல் கழன்றுவிடும். வாங்கியவரிடம் போய்ச் சேர்வது வெறும் முகம். இன்னொருவருக்குப் போகும்போது அளவும் குறையும். அந்தக் கைபேசி போனால் படமும் போகும். இரண்டாயிரம் படம் எடுத்தவர் ஒன்றைக்கூட பிரிண்ட் போட்டிருக்கமாட்டார். 2020இல் சபாக்கள் மூடி, மார்கழி சீஸன் முழுக்கத் திரைக்குள் போன வருஷம் ஒன்றை உணர்ந்தேன். எல்லாக் கச்சேரியையும் வீட்டிலிருந்து பார்க்க முடிந்தது. எவருடைய எழுத்தையும் பார்க்க முடியவில்லை. இன்றைய முன்னணிப் பாடகர்கள் பலர் எப்படி எழுதுவார்கள், எந்த மொழியில் தங்கள் பெயரை எழுதுவார்கள் என்பது ரசிகர்களுக்குத் தெரியாது. குரலின் ஒவ்வொரு அசைவும் பதிவாகிற காலத்தில் கை மட்டும் காணாமல் போய்விட்டது.

அதைவிடப் பெரிய இழப்பு, ஏற்கெனவே இருந்ததை எறிவது. மேல்நாட்டில் இதற்குச் சந்தை இருக்கிறது. ஏலக் கடைகள் இருக்கின்றன. காசு புரளும் இடத்தில் போலியும் இருக்கும். காரியதரிசி போட்ட கையெழுத்து, படத்தோடு சேர்த்தே அச்சிட்ட கையெழுத்து என்று பல வகை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் அச்சு புள்ளி புள்ளியாகத் தெரியும். மை என்றால் கோடு கோட்டின் மேல் ஏறுவது தெரியும். நம் ஊரில் கர்நாடக வித்வான் படத்துக்கு அப்படிச் சந்தை இல்லை. அதனால் போலி குறைவு. அதனாலேயே குப்பைக்குப் போவது அதிகம். பழைய வீட்டை இடித்து ஃபிளாட் கட்டும்போது, பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வந்து ஒரே வாரத்தில் வீட்டைக் காலி செய்யும்போது, தாத்தாவின் ஆல்பம் பழைய பேப்பரோடு எடைக்குப் போகிறது. 1985இல் எரிந்து போகும்வரை மூர் மார்க்கெட்டில் அப்படி வந்த படங்களை மீட்க முடிந்தது. கடைக்காரர்களுக்கு முகம் தெரியும், கேட்கிற ஆளும் தெரியும், எடுத்து வைப்பார்கள். இப்போது மறுசுழற்சிக்குப் போகும் காகிதத்தை நடுவில் யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

செட்டிநாட்டில் கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாள் முழுக்கப் பழைய புத்தகம், பத்திரிகை, துண்டுப் பிரசுரம், அழைப்பிதழ் என்று பிறர் எறிந்ததைச் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தார். அவர் சேர்த்தது 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நின்றது. இன்று உலகத்தின் பல மூலைகளிலிருந்து ஆய்வாளர்கள் தேடி வருகிறார்கள். வியன்னாப் பையனுக்கு லண்டனில் கிடைத்த மரியாதை கோட்டையூர்க்காரருக்குச் சென்னையில் கிடைத்திருக்கிறது. ஆகவே நம்மால் முடியாதது என்று சொல்ல வழியில்லை. இசைக்கென்று அப்படி ஒரு தனிக் கையெழுத்துப் படத் தொகுப்பு வேண்டும். 2017இல் சென்னையை இசைக்கான படைப்பாக்க நகரமாக யுனெஸ்கோ சேர்த்துக்கொண்டது. அந்த நகரத்துக்குத் தன் வித்வான்களின் கையெழுத்து ஓர் இடத்தில் இருக்க வேண்டாமா? பெரிய சபா ஒன்று மனது வைத்தால் ஒரு சீஸனில் தொடங்கிவிடலாம். மேடை ஏறும் ஒவ்வொருவரிடமும், தம்புரா போடுகிறவர் உட்பட, ஒரு படத்தில் கையெழுத்து வாங்கி வைத்தால் போதும். பத்து வருஷத்தில் அது ஒரு காலத்தின் முழு ஆவணமாகிவிடும்.

அதுவரை செய்ய வேண்டியது வீட்டில் இருக்கிறது. பரணில் அப்படிப் படம் இருந்தால் லேமினேட் செய்யாதீர்கள். ஒரு தடவை ஒட்டினால் பிரிக்க முடியாது. செலோடேப் ஒட்டாதீர்கள்; கறை ஏறும். கண்ணாடிச் சட்டத்தில் படம் நேரடியாகக் கண்ணாடியைத் தொடக் கூடாது. நம் ஊர் ஈரப்பதத்தில் ஜெலட்டின் ஒட்டிக்கொள்ளும். ஏற்கெனவே ஒட்டியிருந்தால் பிய்க்காமல் அப்படியே வைத்து, தெரிந்தவரிடம் காட்டுங்கள். ஸ்கேன் எடுத்தால் பின்பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். இந்த மார்கழியில் கச்சேரிக்குப் போகிறவர்கள், பிடித்த கலைஞரின் படம் ஒன்றை மேட் காகிதத்தில் பிரிண்ட் போட்டு, மை ஊற்றிய பேனாவோடு எடுத்துச் செல்லுங்கள். பக்கவாத்தியக்காரரிடமும் நீட்டுங்கள். வீட்டுக்கு வந்ததும் படத்தின் பின்னால் மென்மையான பென்சிலால் யார், எங்கே, என்றைக்கு, என்ன ராகம் என்று ஒரு வரி எழுதி வையுங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் பழைய ஆல்பம் இருந்தால், அவர்கள் நினைவோடு இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு முகத்துக்கும் பெயர் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.